கேட்காமல் போன ‘ஸ்’

“சொல்றேனே மேம்.”

இரண்டு தடவை அப்படிச் சொன்னார். இரண்டு தடவையும் நான் ஒரே பதிலைத்தான் கொடுத்தேன்: “இல்லம்மா, எனக்குக் கேக்கலை. திருப்பிச் சொல்லுங்க.”

வாக்கியம் சின்னதுதான். “டேக் டூ டேப்லெட்ஸ் ஆஃப்டர் ஃபுட்.” அவர் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து, ஹாஸ்டல் அறையில் கூட இருப்பவர்கள் தூங்கும் நேரத்தில் போனில் என் ஆங்கில வகுப்புக்கு வருவார். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் தயாரிப்பு, சுமார் 5 நிமிடம் பேச்சு. இங்கிலாந்தில் பதிவு செய்ய அதில் ‘பி’ கிரேடு வேண்டும். அதனால்தான் அந்தக் கடைசி ‘ஸ்’ஸை விடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

காரணமில்லாமல் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். தமிழில் “ரெண்டு மாத்திரை போடுங்க” என்றுதான் சொல்கிறோம். எண் முன்னால் வந்துவிட்டால் ‘கள்’ தேவைப்படுவதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் அப்படியே வரும். “டூ டேப்லெட்”, “த்ரீ டே” என்று சொல்லாத மாணவர் என்னிடம் குறைவு. எனவே ‘ஸ்’ கேட்கவில்லை என்றால் அவர் சொல்லவில்லை என்பதைத் தவிர வேறொன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவர் பயிற்சிக்காக எழுதி அனுப்பிய கடிதங்களில் ஒரு ‘எஸ்’ கூட விட்டுப்போனதில்லை. அது அப்போதே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில், “டியூட்டி மாத்திட்டாங்க மேம், அப்புறம் சேர்றேன்” என்று மெசேஜ் வந்தது. டியூட்டி உண்மையிலேயே மாறியிருக்கலாம்.

அதற்கு அடுத்த மாதம், இன்னொரு வகுப்பின் நடுவில் என் புளூடூத் ஹெட்செட்டில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கணவரின் பழைய வயர் இயர்போனை எடுத்து லேப்டாப்பில் சொருகினேன். எதிரில் இருந்த பையன் “சிக்ஸ் பாக்ஸஸ்” என்றான். குக்கரில் ஆவி சீறுகிற மாதிரி அந்த ‘ஸ்’ காதில் வந்து விழுந்தது. மூன்று மாதமாக நான் வகுப்பில் கேட்டிராத சத்தம் அது. வாயடைத்துப் போய்விட்டேன். பையன் “மிஸ், கேக்குதா?” என்றான்.

வீட்டில் வகுப்பு ஆரம்பித்தபோது பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ரிங் லைட், ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ், பின்னால் தொங்க வெளிர் நிறத் திரை. இவற்றிலெல்லாம் குறையில்லை. ஹெட்செட்டுக்கு மட்டும் 2,800 ரூபாய் கொடுத்தேன், வயர் கழுத்தைச் சுற்றாமல் இருக்கட்டும் என்று. பாட்டுக் கேட்டால் அற்புதமாக இருக்கும். ஆனால் அதே ஹெட்செட்டின் மைக்கைத் திறந்துவிட்டால் அது கால் பேசும் நிலைக்கு மாறிவிடுகிறது. லேப்டாப்பில் பார்த்தால் ஒரே ஹெட்செட் ‘ஸ்டீரியோ’ என்றும் ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்றும் இரண்டு பெயரில் நிற்கும். என்னுடையது போன்ற பழைய மாடலில், ஹேண்ட்ஸ் ஃப்ரீ நிலையில் ஒலியை நொடிக்கு 8,000 தடவைதான் அளக்கிறது. அப்படி அளந்தால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. ‘ஸ்’ஸின் உயிரே பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. பழைய டெலிபோன் 3,400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதனால்தான் போனில் பெயர் சொல்லும்போது எஃப்புக்கும் எஸ்ஸுக்கும் குழம்பி, “எஃப் ஃபார் ஃபாதர்” என்று சொல்லிச் சொல்லிப் பழகினோம். உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிற நான் அதே ஓட்டை வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது 450 ரூபாய் வயர் ஹெட்செட்தான். புதிதாகச் சேர்கிறவர்களிடமும் முதல் நாளே வயர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். சரி, அது நாளைக்கு வருகிறவர்களுக்கு.

அந்த நர்ஸின் வகுப்புப் பதிவு என் லேப்டாப்பில் இருந்தது. அவர் திரும்பக் கேட்பதற்காக, அவரிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்தது. லேப்டாப்புக்கு வந்த ஒலி அப்படியே அதில் இருக்கும், என் ஹெட்செட் தொடுவதற்கு முன்னால் உள்ள ஒலி. இதைப் புரிந்துகொண்ட பிறகும் திறக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

முதல் தடவை ‘ஸ்’ இல்லை. நிஜமாகவே இல்லை. நான் திருத்தியது சரிதான். அந்த இடத்தை ஐந்தாறு முறை ஓட்டிக் கேட்டேன், ஆறுதலுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தடவை இருக்கிறது. தெளிவாக இருக்கிறது. “சொல்றேனே மேம்.” மூன்றாவதில் இன்னும் நீளமாக, பல்லைக் கடித்து இழுத்து, “டேப்லெட்ஸ்ஸ்”. பக்கத்தில் யாரோ புரண்டு படுக்கிற சத்தமும், “மெதுவாடி” என்று ஒரு முணுமுணுப்பும்கூடக் கேட்கிறது. “சொல்றேனே மேம்.” அதற்கு மேல் என் குரல், எவ்வளவு உறுதியாக!

அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நான்கு முறை மெசேஜ் அடித்து அழித்திருக்கிறேன். சொன்னால் அவருக்கு நிம்மதியா, இல்லை எனக்கா என்று தெரியவில்லை. முதல் தடவை நான் சொன்னது சரி என்பதையும் அதில் எழுதுவதா வேண்டாமா என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

பதிவில் நான்காவது தடவையும் இருக்கிறது. குரல் இறங்கியிருக்கிறது. “டேக் டூ டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்.” ‘ஸ்’ இல்லை. உடனே நான், “பரவாயில்லம்மா, அடுத்ததுக்குப் போவோம்” என்கிறேன்.