ஒரு தட்டு, இரண்டு குழு

ராக் இசையில் எனக்கு ரொம்பப் பிடித்த வடிவம் ஸ்பிளிட் சிங்கிள். ஏழு அங்குல வினைல் தட்டு. ஒரு பக்கம் ஒரு குழு, திருப்பிப் போட்டால் இன்னொரு குழு. 1988இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து சப் பாப் என்ற இசைத்தட்டு நிறுவனம் சோனிக் யூத், மட்ஹனி என்ற இரண்டு குழுக்களை இப்படிச் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், இவர்கள் பாட்டை அவர்கள் வாசித்தார்கள், அவர்கள் பாட்டை இவர்கள். நிர்வானா குழுவின் முதல் சிங்கிளை 1000 பிரதிகள் மட்டும் அடித்து, கையால் எண் எழுதி விற்றதும் அதே ஆண்டு, அதே நிறுவனம்தான்.

நிமிடத்துக்கு 45 சுற்று என்பதால் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் தட்டில் ஊசி ஓடும் வரிகள் நெருங்கி, சத்தம் மெலிந்துவிடும். அதனால் சுற்றி வளைக்காமல் நேராகப் பாட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். அப்புறம், தட்டின் நடுவில் இருக்கும் லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில தட்டுகளில் கிண்டலாக ஏதாவது கீறி எழுதியிருப்பார்கள்.

இதையெல்லாம் உறைகூடப் பிரிக்காமல் பதுக்கி, நாலு மடங்கு விலைக்கு விற்கிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. ஊசியே படாத தட்டு எதற்கு சாமி?