வெள்ளை நாளில் ஒரு கல்

புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் அம்மா வடாம் பிழிந்துகொண்டிருந்தபோது அந்தப் படத்தைக் காட்டினேன். பனிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல். "இதைப் பாக்கவா தனியா மலை ஏறுன?" என்றாள்.

பிரான்சில் கொல்மாருக்குக் குடிபோய் மூன்று வருடம் ஆகிறது. முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வெயிலுக்குக் காத்திருந்தேன். நம்மூரில் மந்தாரம் போட்டால் மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெளுத்துவிடும். அங்கே வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ஜனவரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு. காத்திருந்தே அந்த வருடம் போய்விட்டது. அதனால்தான் இந்த ஜனவரியில், வானம் சாம்பலாய்க் கிடந்த ஒரு சனிக்கிழமை, வோஜ் மலைக்குக் கிளம்பினேன்.

ஷ்லுக்ட் கணவாயில் காரை நிறுத்திவிட்டு 'ரக்கெத்'தை மாட்டினேன். ஸ்னோஷூவுக்கு அங்கே அந்தப் பெயர்தான். மட்டை என்று பொருள். அகலமான பிளாஸ்டிக் மட்டை, அடியில் இரும்புப் பற்கள். கால்விரல் பக்கம் மட்டும் பிணைத்திருக்கும், குதிகால் தூக்கி எழும். ஏற்றத்தில் குதிகாலுக்குக் கீழே ஒரு கம்பியை நிமிர்த்திவிட்டால் கெண்டைக்கால் இழுக்காது. காலை அகட்டி வைத்து நடக்கவேண்டும், இல்லையென்றால் ஒரு மட்டையை இன்னொன்று மிதித்துவிடும். பருத்திச் சட்டை மட்டும் கூடாது. புதுச்சேரியில் உயிரைக் காக்கும் பருத்தி, அங்கே வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பை விறைக்கவைத்துவிடும்.

மரங்கள் முடிந்து முகடு தொடங்கியதும் மேகம் இறங்கிவிட்டது. 'ழூர் பிளான்' என்பார்கள், வெள்ளை நாள். வானமும் தரையும் ஒரே நிறம், நிழலே கிடையாது. அடுத்த அடி மேடா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாது, கால்தான் சொல்லும். 1,363 மீட்டர் உயர ஓனெக் சிகரத்துக்கு வந்துவிட்டதே, அங்கிருக்கும் கட்டடத்தின் சுவர் முகத்தெதிரே வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

அங்கேயே திரும்பியிருக்கலாம். காஸ்டல்பெர்க் சிகரம் வரை போகவேண்டும் என்று மனசு கேட்டது. அந்த வழியில் கிழக்குப் பக்கம் செங்குத்தான சரிவு. மேற்குக் காற்று தள்ளிவரும் பனி விளிம்புக்கு வெளியே தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் கால் வைத்தால் அடியில் ஒன்றுமில்லை. காற்று முதுகில் அடிக்கத் தொடங்கியதும் சந்தேகம் வந்து நின்றேன். பனியை உருட்டி முன்னால் எறிந்தேன். உருண்டை விழுந்த தடமே இல்லை. இன்னொன்று எறிந்தேன், அதையும் காணோம். மூச்சை அடக்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே பின்னால் நடந்தேன்.

அப்போதுதான் அந்தக் கல் தட்டுப்பட்டது. பனியைத் துடைத்தால் ஒரு பக்கம் பிரான்சுக்கு எஃப், மறுபக்கம் டாய்ச்லாந்துக்கு, அதாவது ஜெர்மனிக்கு, டி. 1871 முதல் 1918 வரை பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் எல்லை இந்த முகடுதான். எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. 1954க்கு முன்னால் கடலூர்ப் பக்கம் போகவே சுங்கச் சோதனை தாண்டவேண்டும் என்று சொல்வார். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லைத் தொட்டேன். அப்படியொரு குளிர், ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. அப்புறம் காம்பஸைப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லாகத் தேடித் தேடி, மேற்கே ஒதுங்கியே காஸ்டல்பெர்க் போய்ச் சேர்ந்தேன். 1,350 மீட்டர். பார்க்க ஒன்றும் இல்லை. ஃபிளாஸ்கிலிருந்த டீயைக் குடித்துவிட்டு அதே கற்களைப் பிடித்துத் திரும்பினேன்.

இதையெல்லாம் கேட்டு முடித்ததும் அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"போறப்ப யார்கிட்ட சொல்லிட்டுப் போன?"

"வீட்டுக்காரம்மாகிட்ட. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு எழுதியே குடுத்தேன்."

"இனிமே எனக்கும் சொல்லு. இறங்குனதும் போன் பண்ணு."

"அங்க அஞ்சு மணின்னா இங்க ஒன்பதரை ஆயிடுமேம்மா."

"ஆகட்டும். முழிச்சிருக்கேன்."