எதையும் உடைக்கலாம் என்று சொன்ன விளையாட்டு

எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் என்ற இணையவழி மாயாஜால விளையாட்டைக் கைவிடுவதாக டேபிரேக் நிறுவனம் 2016 மார்ச் 11 அன்று அறிவித்தபோது, அதன் தலைவர் ரஸ் ஷாங்ஸ் கூறிய காரணம் மிக எளிமையானது. தனித்தனியாகச் செய்த பாகங்களைப் பொருத்திப் பார்த்தபோது, அது விளையாடுவதற்குச் சுவையாக இருக்கவில்லை என்றார். காத்திருந்தவர்களிற் பலர் இதனை வெறும் சாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். கையில் பணமில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்றார்கள். பணத்துக்கும் பங்கு இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஷாங்ஸ் சொன்ன காரணம் உண்மையானது என்றே நான் கருதுகிறேன். அந்த விளையாட்டின் பெயரால் அளிக்கப்பட்ட வாக்குறுதிகள் தனித்தனியே எவ்வளவு அழகானவையோ, ஒன்றுசேர்ந்தபோது அவ்வளவுக்கு ஒன்றையொன்று கெடுப்பவையாக இருந்தன.

முதலாவது எவர்குவெஸ்ட் 1999 மார்ச்சில் வெளிவந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கே மக்களுக்குத் தரைவழிப் பாதை திறந்திருக்கவில்லை. நோராத் என்ற கற்பனை உலகத்துக்குப் போவதைப் பற்றி இங்கே எவர் பேசியிருப்பார்? கனடாவிலும் இலண்டனிலும் இருந்த உறவினர்கள் வாயிலாகத்தான் எங்களிற் சிலருக்கு அந்தப் பெயரே தெரியவந்தது. இரண்டாவது எவர்குவெஸ்ட் 2004 நவம்பரில் வந்தது. அதே மாதத்தில் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட், இத்துறையின் கவனம் முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. ஆகவே, மூன்றாவதாக ஒன்றைச் செய்ய முற்பட்ட, பின்னாளில் டேபிரேக் எனப் பெயர்மாறிய சோனி ஒன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்துக்கு, முன்னையவற்றைப் போல இன்னொன்றைச் செய்வதிற் பயனில்லை என்பது தெளிவாகவே தெரிந்திருந்தது. அதன் தலைவராக இருந்த ஜோன் ஸ்மெட்லி, முந்திய வடிவமைப்புகளைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியதாக வெளிப்படையாகவே சொன்னார்.

அந்தப் புதிய வடிவம் 2013 ஓகஸ்ட் மாதத்தில் லாஸ் வேகாஸ் நகரில் மேடையேறியது. எங்கள் வீட்டு இணைப்பில் அந்தக் காணொளி நின்று நின்றுதான் ஓடியது என்றாலும், நண்பர்களோடு அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். கெர்ரான் என்ற சிங்கமுக இனத்துப் போர்வீரன் ஒருவன், எங்கள் கோயில்களின் சூரன்போரில் வரும் சிங்கமுகாசுரனைப் போன்ற உருவத்தோடு, ஒரு மந்திரவாதியுடன் சேர்ந்து போரிடுகிறான். அடிக்க அடிக்க நிலம் பிளக்கிறது. பிளந்த துவாரத்தின் வழியே இருவரும் கீழே இருக்கும் இன்னொரு நிலவறைக்குள் விழுகிறார்கள். நிலமே உடையும் என்பதை அவ்வளவு பெரிய இணைய விளையாட்டொன்றில் அதற்கு முன்னர் நாங்கள் கண்டதில்லை.

உடையும் நிலம் அந்த மேடையில் சொல்லப்பட்ட பல வாக்குறுதிகளில் ஒன்று மாத்திரமே. நாற்பதுக்கும் மேற்பட்ட பாத்திர வகைகளைத் தேடிப் பெற்று, அவற்றின் திறன்களை விரும்பியபடி கலந்துகொள்ளலாம் என்றார்கள். ஸ்டோரிபிரிக்ஸ் என்ற குழுவின் செயற்கை நுண்ணறிவு முறையால், கணினி இயக்கும் பாத்திரங்களுக்கு விருப்பு வெறுப்புகள் இருக்கும் என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர்க்குகள் என்ற கற்பனை அரக்க இனத்துக்குப் பொன்னும் ஆளரவமற்ற பாதைகளும் பிடிக்கும், காவலர்களைப் பிடிக்காது. ஆகவே தமக்கேற்ற பாதையை அவை தாமாகவே தேடிச் சென்று கூடாரமடிக்கும், அங்கே காவல் பலப்பட்டால் வேறிடம் நகரும். இவற்றோடு, விளையாடுபவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் சேர்ந்துழைத்து ஹாலாஸ் போன்ற ஒரு நகரத்தைக் கூடாரத்திலிருந்து கோட்டைவரை எழுப்பும் பெருநிகழ்வுகளும் வரும் என்றும், அவை விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சேவையகத்தின் நிலையான வரலாறாக இருக்கும் என்றும் சொல்லப்பட்டது.

இங்கே விளையாட்டு உருவாக்கம் பயிலும் மாணவர்கள் சிலர் தங்கள் திட்டங்களை என்னிடம் காட்டுவதுண்டு. அவர்களில் ஒருவர் அண்மையில், "எங்கட உலகத்தில எதையும் உடைக்கலாம் சேர், உடைச்சது அப்படியே கிடக்கும்" என்று உற்சாகமாகச் சொன்னபோது, அவரை உட்காரவைத்து இந்தக் கதையைத்தான் சொன்னேன். வழக்கமான இணைய விளையாட்டில் மலையும் ஆறும் வீடும் உங்கள் கணினியிலேயே முன்கூட்டிப் பதிந்து கிடக்கின்றன; எவர் எங்கே நிற்கிறார், எவருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பன போன்ற சிறு தகவல்களைத்தான் சேவையகம் அனுப்புகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கச் சேவையகமொன்றுக்குப் போய்வரக் கால் விநாடியளவு பிடித்தாலும் ஓரளவு விளையாட முடிவது இதனாற்றான். நிலமே மாறக்கூடியதாகிவிட்டால், ஒவ்வொருவர் தோண்டிய குழியும் அந்தச் சுற்றாடலில் நிற்கும் எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும். பாத்திரங்கள் நடக்கவேண்டிய வழிகளையும் முன்கூட்டிக் கணித்துவைக்க இயலாது. தரை மாறும்போதெல்லாம் மீண்டும் கணிக்க வேண்டும். ஓர்க்குக்குப் பிடித்த பாதையை எவரோ நேற்றிரவு தோண்டிப்போட்டிருந்தால், அந்த ஓர்க் என்ன செய்யும்?

தொழில்நுட்பச் சிக்கலை ஏதோவொரு வகையில் தீர்த்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். வடிவமைப்புச் சிக்கல் அதைவிடக் கடினமானது. உடைந்தவை உடைந்தபடியே கிடந்தால், ஆயிரக்கணக்கானோர் நடமாடும் உலகம் விரைவிலேயே குழியும் மேடுமாகிவிடும். இதனை உணர்ந்த வடிவமைப்பாளர்கள், சாதாரணச் சேதங்கள் சிறிது நேரத்தில் தாமாகவே ஆறிவிடும் என்று அறிவித்தார்கள். ஆறிவிடும் என்றால் உடைப்பதற்குப் பொருளென்ன? அரக்கனின் கோட்டை வாசலில் போரிடுவதற்குப் பதிலாகச் சுவரைத் துளைத்துப் பின்பக்கத்தால் நுழையலாம் என்றால், வாசலில் போரை வடிவமைத்தவரின் உழைப்பு வீண். நுழைய முடியாதபடி அந்தச் சுவரை மட்டும் உடையாததாக்கினால், எதையும் உடைக்கலாம் என்ற சொல் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் விளையாட்டின் சுவை எங்கே இருக்கிறது என்பதை அவர்களாற் கண்டுபிடிக்க இயலவில்லை என்பதே என் கணிப்பு.

இதற்கிடையில் லாண்ட்மார்க் வந்தது. எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட்டைக் கட்டுவதற்கான கருவிகளை விளையாடுபவர்கள் கையிலேயே கொடுக்கும் நோக்கில், 19.99 முதல் 99.99 டொலர் வரையான பொதிகளாக விற்கப்பட்டு, 2014 ஜனவரி இறுதியில் அதன் அல்ஃபா எனப்படும் ஆரம்பச் சோதனைப் பதிப்புத் திறக்கப்பட்டது. அதன் அடித்தளம் மிகேல் செபெரோ உருவாக்கிய வொக்செல் ஃபார்ம் என்ற மென்பொருள். ஒரு துண்டு நிலத்துக்கு உரிமை கோரிக்கொண்டு, மைன்கிராஃப்ட்டின் சதுரக் கட்டிகளைப் போலன்றி, சரிவும் வளைவும் நுண்ணிய விளிம்புகளும் கொண்ட கட்டடங்களை அதில் எழுப்பலாம். ரொறன்ரோவில் வசிக்கும் பெரியம்மாவின் மகன், கரவெட்டியில் இருந்த அம்மம்மாவின் நாற்சார் வீட்டை அதில் கட்டத் தொடங்கினார். முற்றத்தின் அளவு, தூண்களின் தலைப்பு, ஓட்டுக் கூரை உட்பக்கமாகச் சரியும் கோணம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் படம் கேட்க, நான் பழைய அல்பங்களைப் புரட்டிப் படமெடுத்து அனுப்பினேன். மென்பொருளின் ஒரு வழுவைப் பயன்படுத்தி மிக மெல்லிய கோடுகளை உருவாக்கும் உத்தியை அங்கிருந்த ஏனையோர் கண்டுபிடித்திருந்தார்கள். யன்னல் கம்பிகளை அண்ணா அந்த உத்தியாலேயே செய்தார். கட்டுவதற்கான கருவியாக லாண்ட்மார்க் மிக உயர்ந்தது என்பதை அந்த வீட்டைப் பார்த்தபோதே ஒப்புக்கொண்டேன். கட்டி முடித்தபின் அங்கே செய்வதற்கு அதிகம் எதுவும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

இந்த இடத்திலேயே பெரிய திட்டம் வழிதவறியது என்று நினைக்கிறேன். பணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள் கேட்டவற்றை நிறைவேற்றுவதற்காக, கருவியாக இருந்த லாண்ட்மார்க்கையே ஒரு தனி விளையாட்டாக வளர்க்க வேண்டியதாயிற்று. எதற்காக அந்தக் கருவி செய்யப்பட்டதோ, அது பின்தங்கியது. 2015 பெப்ரவரி தொடக்கத்தில் சோனி அந்தப் பிரிவை கொலம்பஸ் நோவா என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றதாக அறிவிக்கப்பட, டேபிரேக் என்ற புதிய பெயர் வந்தது. அதே மாதத்தில் நிகழ்ந்த ஆட்குறைப்பில், மேடையில் நின்று அந்த வாக்குறுதிகளை அறிவித்த டேவ் ஜோர்ஜசனும் வெளியேற நேர்ந்தது. ஸ்டோரிபிரிக்ஸ் குழுவின் பங்களிப்பும் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கைவிடுதல் அறிவிப்பு. லாண்ட்மார்க் மட்டும் 2016 ஜூனில் முறையாக வெளியிடப்பட்டு, 2017 பெப்ரவரி 21 அன்று மூடப்பட்டது.

மூடப்பட்ட விளையாட்டுகளுக்கு மறுபிறப்பு உண்டு. 2012 நவம்பர் 30 அன்று நிறுத்தப்பட்ட சிட்டி ஒஃப் ஹீரோஸ், இரசிகர்கள் நடத்திய சேவையகங்களில் 2019 இல் வெளிப்படையாக மீண்டெழுந்து, 2024 ஜனவரியில் உரிமையாளரின் அனுமதியையே பெற்றது. இரசிகர்களின் கணினிகளில் அந்த விளையாட்டின் ஒரு பாதி ஏற்கனவே இருந்ததால், மறு பாதியை அவர்களால் தேடவும் மீளக் கட்டவும் முடிந்தது. எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட்டின் எந்தப் பாதியும் எவருடைய கணினிக்கும் வந்து சேரவில்லை. மீட்டெடுக்க நினைப்பவருக்கு மேடைக் காணொளிகளும் ஓவியங்களும் நேர்காணல்களும்தான் கிடைக்கும். ஓர்க் பாதை தேடும் அந்த மென்பொருளின் ஒரு வரிகூடக் கிடைக்காது. 1999 இல் வந்த முதலாவது எவர்குவெஸ்ட்டோ, அதே டேபிரேக் நிறுவனத்தின் கீழ், கைவிடுதல் அறிவிப்பு வந்து பல ஆண்டுகள் கடந்த பின்னரும் புதிய விரிவாக்கங்களோடு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் நிலத்தில் ஒரு கல்லைக்கூட எவராலும் உடைக்க முடியாது.