7 என்ற எண் யாருடையது?

அச்சுக்கு வரும் ஒவ்வொரு வேலைக்கும் (ஜாப்) ஓர் எண் (ஜாப்-ஐடி) தரும் எங்கள் பிரிண்ட் சர்வரின் வடிவமைப்பைப் பேசி முடிக்கும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. "சர்வர் ரீஸ்டார்ட் ஆனா ஜாப்-ஐடி திரும்ப ஒண்ணுலேர்ந்தா வரும்?"

"பழைய ஜாப் எதுவும் மெமரியில இருக்காதே, அப்புறம் எதோட மோதப் போகுது?" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனோம். அந்தப் பதிலில் பாதி சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மீதிப் பாதிதான் உறுத்துகிறது.

ஐபிபி-யில் (நெட்வொர்க் வழியாக அச்சிடுவதற்கான நெறிமுறை) ஒரு ஜாபை இரண்டு விதமாகச் சுட்டலாம். ஒன்று, ஜாப்-யூஆர்ஐ என்ற முழு முகவரி. மற்றது, பிரிண்டர்-யூஆர்ஐயும் ஜாப்-ஐடியும் சேர்ந்த ஜோடி. எண்ணைத் தருவது பிரிண்டர்தான் (இங்கே எங்கள் சர்வர்), அச்சிடச் சொல்லும் கிளையண்ட் அல்ல. 1 முதல் 2,147,483,647 வரை தரலாம். எஸ்என்எம்பி-யின் (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) அட்டவணை எண்களில் 0-க்கு இடமில்லை என்பதால் இங்கும் 0 கிடையாது. பழைய அச்சு நெறிமுறையான எல்பிடி-யில் (ஆர்எஃப்சி 1179, 1990) ஜாப் எண் வெறும் மூன்று இலக்கம். அதோடு பார்த்தால் இது கடல். அந்த விசாலம்தான் எங்களை அசட்டையாக்கியது. எண் தீராது என்பதையும் எண் திரும்ப வராது என்பதையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

மோதல் சர்வருக்குள் நடக்கவில்லை. சர்வர் மறந்த எண்ணைக் கிளையண்ட் மறக்கவில்லை. 7-ஐக் கையில் வைத்திருந்த கிளையண்ட், ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அதை ரத்து செய்யச் சொல்லி கேன்சல்-ஜாப் கோரிக்கை அனுப்புகிறது. அதற்குள் 7 வேறொருவருடைய ஜாப். யார் கேட்கிறார் என்று சர்வர் சரிபார்க்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே பொதுக் கணக்கின் வழியாக வந்தால் அந்தச் சோதனையும் வழிவிட்டுவிடும். இதைவிட மோசமானது கிரியேட்-ஜாப், சென்ட்-டாக்குமென்ட் ஜோடி. முதல் கோரிக்கையில் எண் வாங்கி, இரண்டாவதில் ஆவணத்தை அனுப்பும் இடைவெளியில் சர்வர் விழுந்து எழுந்தால் அந்த ஆவணம் பிறருடைய திறந்த ஜாபில் போய்ச் சேரலாம். இரண்டு பேர் தாள்கள் ஒரே கட்டாக வெளியே வரும். அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் சர்வரில் சிறிய எண்களே மீண்டும் மீண்டும் வருவதால் இதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. ஒவ்வொரு ஜாபுக்கும் டிஸ்கில் எழுதினால் தாமதமாகும். அதனால் 1000 எண்களை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த உச்ச எண்ணை மட்டும் டிஸ்கில் எழுதி, அது பதிவானது உறுதியான பிறகே எண்களைக் கொடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் ஆனால் அந்த உச்சத்துக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கலாம். நடுவில் விடுபடும் எண்களால் யாருக்கும் நஷ்டமில்லை. ரீஸ்டார்ட்டுகளால் மட்டும் எண் தீர 21 லட்சம் முறைக்கு மேல் விழுந்து எழ வேண்டும்.

ஜாப்-யூயூஐடி (எங்கும் திரும்ப வராத 36 எழுத்து அடையாளம்) இருக்கிறதே என்பார்கள். அது ஜாபின் ஒரு பண்பு. கேன்சல்-ஜாபில் அதையே இலக்காகக் கொடுக்க முடியாது. ஜாபின் பண்புகளைக் கேட்கும் கெட்-ஜாப்-அட்ரிபியூட்ஸ் மூலம் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஜாப்-யூஆர்ஐயின் பாதையில் யூயூஐடியை வைக்கலாம், கிளையண்ட் அதைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்பதால். ஆனால் அதில் சர்வரின் பெயரும் இருக்கும். பெயர் மாறினால் சேமித்த முகவரி செத்துவிடும். தவிர, போனில் "ஏழாம் நம்பரை நிறுத்துங்க" என்று சொல்ல முடிகிறது, 36 எழுத்தைச் சொல்ல முடியாது. எண்ணை வைத்துக்கொண்டது தவறில்லை என்று இதை வைத்துத்தான் வாதிடுகிறேன்.

ஆனாலும் கேட்டவர் மெமரியைப் பற்றிக் கேட்கவில்லை. எண் திரும்ப வருமா என்றுதான் கேட்டார். அதற்கு "வரும்" என்று நாங்கள் சொல்லவே இல்லை.