மேனுவல நம்பி மண்டபம் வரைக்கும் போய் வெறுங்கையோட வந்தேன்

மண்டபத்துல எங்க மாமா நண்டு கம்பெனி வச்சிருக்காரு. வர்ற நண்ட எடை போட்டு சீட்டு குடுக்க பைத்தான்ல சின்னதா ஒரு ப்ரோக்ராம் எழுதுனேன். அங்க இருக்குறது டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை) போட்ட பழைய கம்ப்யூட்டர், நெட் கிடையாது, அதனால ஒரே டெப் ஃபைலா (டெபியன்ல இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ்) கட்டி பென்டிரைவ்ல கொண்டுபோயிடலாம்னு கமாண்ட் லைன் டூல் ஒண்ணு எடுத்தேன். அதுல ஒரு ஆப்ஷன் குடுத்தா தேவையான லைப்ரரி (ப்ரோக்ராம் ஓடுறதுக்கு வேண்டிய துணை ஃபைல்கள்) எல்லாம் பேக்கேஜுக்குள்ளயே சேந்துரும்னு மேனுவல்ல அவ்வளவு தெளிவா போட்டிருந்துச்சு. கட்டினேன், என் லேப்டாப்ல ஓடுச்சு.

ராமநாதபுரத்துலேர்ந்து பஸ் புடிச்சு கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் போயி இன்ஸ்டால் குடுத்தா டிபெண்டென்சி ப்ராப்ளம்ஸ்னு வந்து நிக்குது. ரெண்டு லைப்ரரி இல்லையாம். போன்லேர்ந்து நெட் குடுக்கலாம்னா கம்ப்யூட்டர்ல வைஃபை இல்ல, கைல இருந்த கேபிளோ சார்ஜ் மட்டும் ஏறுற ரகம். அதுக்குள்ள நண்டுக்கூடையோட ஆளுங்க வந்துட்டாங்க, வெயில் வேற ஏறுது. "விடு மாப்ள, நோட்டுலயே எழுதிக்கிறேன்"னு மாமா பேனாவ எடுத்துட்டாரு. அவர் ஒரு வார்த்த திட்டல, எனக்குத்தான் மனசே ஆறல.

வீட்டுக்கு வந்து டெப் ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுற டிபிகேஜி-டெப் ஹைஃபன் சி கமாண்ட போட்டுப் பாத்தா உள்ள என் ஃபைல் மட்டும்தான் இருக்கு, மொத்தமே 60 கேபி. அந்த ஆப்ஷன் லைப்ரரி பேர பேக்கேஜ் விவரம் இருக்குற கன்ட்ரோல் ஃபைல்ல, எதெல்லாம் வேணும்னு சொல்ற டிபெண்ட்ஸ் வரில எழுதுது, அவ்வளவுதான். டூல்லயே ஹெல்ப் அடிச்சா அது சரியாத்தான் சொல்லுது! என் லேப்டாப்ல ரெண்டு லைப்ரரியும் ஏற்கெனவே இருந்ததால இது வெளியவே தெரியல.

நெட் இல்லாத எடத்துக்கு கொண்டுபோறவங்க தயவுசெஞ்சு சொந்த மெஷின்ல மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு கெளம்பாதீங்க. அங்க இருக்குற அதே டெபியன் வெர்ஷன், 32 பிட்டா 64 பிட்டான்னும் பாத்து, வெர்ச்சுவல் மெஷின்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே தனியா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) புதுசா போடுங்க. அதுல ஆப்ட்-கெட் (டெபியன்ல பேக்கேஜ இறக்கி இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) இன்ஸ்டாலுக்கு டவுன்லோட்-ஒன்லி குடுத்தா வேண்டிய டெப் ஃபைல் எல்லாம் ஆப்ட்டோட கேஷ் ஃபோல்டர்ல, ஆர்க்கைவ்ஸ்குள்ள வந்துரும். சொந்த மெஷின்ல இதச் செஞ்சா ஏற்கெனவே இருக்குறத இறக்காது, அங்கதான் மறுபடி மாட்டுவீங்க. அப்புறம் இன்னொரு புது வெர்ச்சுவல் மெஷின்ல நெட்ட அணைச்சுட்டு எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் பாத்துட்டு பஸ் ஏறுங்க.

ரெண்டாவது தடவ போனப்ப பத்தே நிமிஷம். மொத சீட்டு, 3 கிலோ 400 கிராம், மாமா அத கிழிச்சு வாங்கி ரெண்டு தடவ படிச்சாரு.

டூல் எழுதுனவங்களுக்கு திருத்தம் அனுப்பியிருக்கேன், ஹைஃபன் சி அவுட்புட்டோட. இன்னைக்குக் காலைல பாத்தப்பவும் மேனுவல்ல அந்த வரி அப்படியேதான் இருக்கு.