ஹெச்எல்7 செய்தி பாதியில் அறுந்தால் முதலில் பைட்டைப் பாருங்கள்

ஆய்வக மென்பொருளிலிருந்து மருத்துவமனை மென்பொருளுக்கு முடிவுகளை ஹெச்எல்7 (மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறும் தரநிலை) செய்திகளாக அனுப்பும் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது, எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை. விபிஎன், போர்ட், சோதனைச் செய்திகள் எல்லாம் சுலபமாகவே நடந்தன. சர்க்கரை, ஹீமோகுளோபின் மாதிரி சின்ன முடிவுகளுக்கு ‘ஏஏ’ (ஏற்றுக்கொண்டோம்) என்று உடனே ஆக், அதாவது ஒப்புகைச் செய்தி, வந்தது. நேரலைக்குப் போன பிறகு பயாப்ஸி முடிவுகள் மட்டும் போய்ச் சேரவில்லை. பிடிஎஃப் அறிக்கையை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கி ஓபிஎக்ஸ் என்ற முடிவு வரிக்குள் வைப்பதால் அவை பெரியவை. புற்றுநோயா இல்லையா என்று சொல்லும் அறிக்கை மருத்துவரின் திரைக்கு வராமல் நிற்பது சாதாரண விஷயமா?

பெறும் பக்கத்து நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: “உங்க நெட்வொர்க்ல பிரச்சினை, ஃபயர்வாலைப் பாருங்க.” எங்கள் நெட்வொர்க் ஆட்கள் இல்லாத தவறைத் தேடி அலைந்தார்கள். கடைசியில் நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்யும் வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்த்தேன். ஹெச்எல்7 செய்தியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் எம்எல்எல்பி முறை கேட்பது மூன்றே கட்டுப்பாட்டு எழுத்துகள்: தொடக்கத்தில் 11, முடிவில் 28, அதை ஒட்டியே 13 (எல்லாம் பதின்ம எண்கள்). நாங்கள் அனுப்பியதில் மூன்றும் இருந்தன. ஆனால் அந்த 28 போவதற்கு முன்பே அவர்களிடமிருந்து ‘ஏஇ’ (பிழை) வந்திருந்தது! தரவைக் கொண்டுபோகும் டிசிபிக்குச் செய்தி எங்கே முடிகிறது என்றே தெரியாது, அது வெறும் பைட் ஓட்டம், ஈதர்நெட்டில் ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 1460 பைட். சாக்கெட்டை (இணைப்பின் வாசலை) ஒருமுறை படித்துக் கிடைத்ததையே முழுச் செய்தி என்று அவர்கள் நிரல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வயர்ஷார்க்கில் பிடித்த இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பியதும் ஃபயர்வால் பேச்சு நின்றது. ஆனால் வந்த திருத்தத்தில் 13ஐ மட்டும் பார்த்து முடிவு என்று எடுத்தார்கள். செய்தியின் ஒவ்வொரு செக்மென்ட்டும் (வரியும்) 13இல்தானே முடிகிறது, அதனால் இப்போது முதல் வரியான எம்எஸ்ஹெச்சோடு செய்தி அறுந்தது, அதுவரை ஒழுங்காகப் போன சர்க்கரை முடிவுகளும் சேர்ந்து நின்றன. மறுபடி தொலைபேசி, மறுபடி விளக்கம்.

28ஐ அடுத்து 13 வரும்வரை சேர்த்துக்கொண்டே படிக்க வேண்டும், அவ்வளவுதான். 28 ஒரு வாசிப்பிலும் 13 அடுத்த வாசிப்பிலும் வரலாம், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பைட்டாக இடைவெளி விட்டு அனுப்பும் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்துக்கொண்டால் இந்த மாதிரிக் கோளாறு நேரலைக்கு முன்பே பிடிபடும். சோதனைக்கு ஒரு பெரிய பிடிஎஃப் கட்டாயம் வேண்டும்.

சரியான திருத்தம் வந்த அன்றே தேங்கியிருந்த அறிக்கைகள் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். எம்எஸ்ஹெச்-10 புலத்தில் போன செய்தி அடையாள எண்ணும் ஆக்கின் எம்எஸ்ஏ-2 புலத்தில் திரும்பிய எண்ணும் ஒன்றுவிடாமல் பொருந்தின, எல்லாம் ‘ஏஏ’.