முப்பது வரை எண்ணுகிறான்

முதலில் என்னிடம் பேசியது மகனின் செருப்புதான். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. விரல் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. குதிகால் பக்கத்திலோ கடையில் பார்த்த வரிகள் அப்படியே இருந்தன.

நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு நுனிக்கால் நடைதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அதற்கு எல்லோரிடமும் ஒரே வைத்தியம் இருந்தது, அதட்டல். வாசல் இஸ்தோப்பில் இருந்து மாமா அதட்டுவார், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அக்காமார் அதட்டுவார்கள், முன்பள்ளியிலும் அதட்டினார்கள். நானும் ஒரு நாள் "குதிகாலை வை" என்று தொடையில் அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. சொன்னபடி வைக்கப் பார்த்தான், பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். அடம் பிடிக்கிறான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளையால் முடியவில்லை.

வளர வளரச் சரியாகிவிடும் என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். நடை பழகும் வயதில் பல பிள்ளைகள் அப்படி நடந்து தாமாகவே விட்டுவிடுவது உண்மைதான். ஆனால் இவனுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. விடியுமுன் ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை வளைவுகளில் அவன் வாந்தி எடுக்க எடுக்க, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் அவனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். கையைத் தொடையில் ஊன்றி ஏறுகிறானா என்று பார்த்தார். தசை நலியும் நோயுள்ள பிள்ளைகள் அப்படித்தான் எழுவார்களாம். இவன் துள்ளி எழுந்தான். பிறகு முழங்காலை மடக்கிப் பாதத்தை மேலே தள்ளினார், வந்தது. முழங்காலை நீட்டித் தள்ளினார், பாதி வழியில் நின்றுவிட்டது. கெண்டைக்கால் தசை முழங்காலுக்கு மேலிருந்து குதிகால் வரை ஓடுகிறது, அது இறுகிக் கிடக்கிறது என்று பிசியோதெரபி மிஸ் எனக்குத் தமிழில் விளக்கினார். நரம்பிலோ மூளையிலோ குறை இல்லை என்று கேட்டதும் அந்த வாங்கிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு காலுக்கும் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. கிழமைக்கு ஒரு தடவை கழற்றி, பாதத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, புதுக் கட்டு. மூன்று தடவை அப்படி. எங்கள் பக்கம் அப்போது விடாத மழை. கட்டு நனைந்தால் எல்லாம் வீண் என்பதால் பொலித்தீன் பை கட்டி, வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டோம். இரவில் உள்ளே அரிக்கும். குச்சி விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் ஓடுகிறதா என்று அறியக் கால்விரலை அமுக்கி, வெளுத்த நகம் மறுபடி சிவக்கிறதா என்று லாம்பு வெளிச்சத்தில் பார்ப்பேன். அம்மாயி கொழுந்து பறிக்கப் போகாமல் அவனோடு இருந்தார். அந்த நாட்களின் பெயர், அதாவது நாட்கூலி, போனதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

கட்டு எடுத்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்கியது. இரவில் காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி. காலையும் மாலையும் நீட்டல் பயிற்சி: என் உள்ளங்கையில் அவன் குதிகால், முன்கையில் அவன் பாதம், முழங்கால் நேராக, மெதுவாக மேலே தள்ளி முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். வலிக்கும் அளவுக்குத் தள்ளக் கூடாது.

வீடு எங்கே என்று மிஸ் கேட்டபோது, மேல் லயம், ஏற்றம் அதிகம் என்று தயங்கித்தான் சொன்னேன். "நல்லது அம்மா, தூக்காதீர்கள், நடக்கவிடுங்கள்" என்றார். ஏற்றத்தில் குதிகாலைப் பதித்து ஏறினால் அந்தத் தசை தானாக நீளுமாம். அதைக் கேட்டு அம்மாயிக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்! கூடையோடு மலை ஏறுகிறவள் குதிகால் பதிக்காவிட்டால் வழுக்கிவிடுவாள் என்று அவனுக்கு அடிவைத்துக் காட்டினார். இப்போது பீலியிலிருந்து வீடு வரை இருவரும் கைகோத்து, ஒவ்வோர் அடியாக மண்ணில் அமுக்கி ஏறுகிறார்கள்.

சந்தோஷம் வந்தால் இன்னும் நுனிக்காலில் எழும்பிவிடுகிறான். யாரும் அதட்டுவதில்லை. அதட்டினால் நான் விடமாட்டேன்.

எண்ணுவது இப்போது அவன் வேலை. பதினாறுக்குப் பிறகு அவனுக்கு எப்போதும் பதினெட்டுத்தான் வரும். நான் திருத்துவதில்லை. விட்டுப்போன அந்த ஒன்றை மனதுக்குள் எண்ணி, அதுவரையும் பாதத்தைப் பிடித்திருப்பேன்.